சேவை என்னும் பார்வை: இந்துத் தொண்டர் பயிற்சியும் ஒரு பழைய வேதாந்தச் சிக்கலும்

வைணவர் வழக்கில் ‘சேவை’ என்னும் சொல் முதலில் காட்சியையே சுட்டுகிறது. திருவரங்கத்தில் விடியற்காலையில் நடை திறந்ததும் பெருமாளைக் கண்டவர் ‘விஸ்வரூப சேவை கிடைத்தது’ என்பார். திரை விலகும்வரை நின்று காத்திருப்பதே அங்கே சேவைக்கான ஆயத்தம். வடமொழி வேர் பணிவிடையைக் குறிப்பதாயினும், தமிழ் வைணவம் அதைக் கண்ணுக்குரிய சொல்லாக்கிக்கொண்டது. குளத்தைத் தூர் வாருவதையும் வெள்ளக்காலத்தில் சோற்றுப் பொட்டலம் கொடுப்பதையும் ‘சேவை’ என்று சொல்வது பிற்காலச் சமூக இயக்கங்களோடு பரவிய வழக்கு. கையால் செய்யும் வேலைக்குச் சைவம் வைத்திருந்த சொல் ‘தொண்டு’. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்க அப்பர் ஏந்திய உழவாரமே அதன் அடையாளம். சமூகப் பணிக்கென்று இந்து இளைஞரைத் திரட்டிப் பயிற்றுவிக்கும் முயற்சிகளை ஆராய்பவருக்கு இந்த இரு சொற்களும் ஒரு கேள்வியை எழுப்புகின்றன: பயிற்சி வேண்டுவது கைக்கா, கண்ணுக்கா?

கைக்கான பயிற்சி எளிது. கட்டுப்போடவும் கணக்கெழுதவும் நூறு பேருக்குச் சமைக்கவும் சில வாரங்களில் ஒருவர் கற்றுக்கொண்டுவிடலாம். சமய மரபுக்குள் நின்று பார்த்தால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அத்வைத ஆசாரியரான சங்கரர், வீடுபேற்றைத் தருவது ஞானமே என்றும், கர்மம், அதாவது செயல், அதற்கு நேர்க்காரணமாகாது என்றும் திட்டமாகச் சொன்னவர். செயலும் ஞானமும் இணைந்து முக்தி தரும் என்னும் ‘ஞான கர்ம சமுச்சயம்’ என்ற கொள்கையை அவர் மறுத்தார். பலனை எதிர்பாராத செயல் ‘சித்தசுத்தி’யை, அதாவது மனத்தூய்மையை, அளித்து ஞானத்துக்கு மனத்தைத் தகுதிப்படுத்தும் என்பதோடு செயலின் எல்லை முடிந்துவிடுகிறது. இன்று சமூகப்பணிக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் கீதையின் ‘லோகசங்கிரகம்’ என்ற சொல்லுக்கும், உலகத்தார் தவறான வழியில் செல்லாமல் தடுத்தல் என்றே அவர் பொருள் கொள்கிறார். பசித்தவனுக்குச் சோறிடுவது அந்த உரையில் நேரடியாக இல்லை. அச்சொல்லை உலக நலனுக்கான ஓயாத செயலாக விரித்தவர்கள் விவேகானந்தர், 1915இல் ‘கீதா ரகஸ்ய’த்தை வெளியிட்ட திலகர் முதலிய பிற்காலத்தவரே. விரித்தது தவறென்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அது விரிவுரை என்பதை மறந்து, சமூக சேவை ஆதியிலிருந்தே வேதாந்தத்தின் மையமாக இருந்தது என்று மேடைகளில் முழங்குவது வரலாற்றுக்கு நியாயம் செய்யாது.

இந்த இடைவெளியை முதலில் உணர்ந்தவர்கள் விவேகானந்தரின் சகத்துறவியரே. 1897 பிப்ரவரியில் சென்னை விக்டோரியா ஹாலில் தம் செயல்திட்டத்தை விளக்கிய விவேகானந்தர், இளைஞரைப் பயிற்றுவிக்கும் நிலையங்கள் நாட்டுக்குத் தேவை என்று வற்புறுத்தினார். அதே ஆண்டு மே 1ஆம் நாள் கல்கத்தா பாக்பஜாரில் பலராம் போஸின் இல்லத்தில் கூடிய கூட்டத்தில் ராமகிருஷ்ண மிஷன் உருவாயிற்று. அன்றே, இப்படிச் சங்கம் கூட்டித் தலைவர், செயலர் என்று வைப்பது மேல்நாட்டு முறையல்லவா, குருநாதர் காட்டிய வழி பக்தியும் தவமும் அல்லவா என்று சகத்துறவி யோகானந்தர் கேட்டார். இக்கேள்வியைப் பழமைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. சங்கரர் வைத்த எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே அதன் உட்பொருள்.

அதற்கு விவேகானந்தர் கொண்டிருந்த விடை 1884இல் தட்சிணேசுவரத்தில் அவர் காதால் கேட்ட ஒன்று. வைணவ நெறி வற்புறுத்தும் ‘ஜீவ தயை’ என்ற சொல்லை விளக்கும்போது குருநாதர் ராமகிருஷ்ணர், புழுவினும் சிறிய மனிதன் பிறர்மேல் இரக்கம் காட்டுவதற்கு யார் என்று கேட்டு, உயிரைச் சிவமாக அறிந்து சேவிப்பதே பொருந்தும் என்று திருத்தினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சாரதானந்தர் பதிவுசெய்துள்ளார். இந்தத் திருத்தத்தின் கனம் பெரிது. இரக்கத்தில் கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் நிற்கின்றனர். வழிபாட்டில் அந்த வரிசை தலைகீழாகிறது. நடமாடும் கோயிலாகிய அடியவர்க்குக் கொடுப்பது கற்கோயிலில் உறையும் இறைவனுக்குப் போய்ச் சேரும், அங்கே கொடுப்பது இவர்களுக்குச் சேராது என்று திருமூலர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லியிருப்பதால், தமிழருக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. ஆயினும் திருமூலர் பேசுவது அடியார்களைப் பற்றி. தட்சிணேசுவரத்தில் வரம்பு எல்லா உயிர்க்கும் விரிந்தது. மேலும், ‘அறிந்து’ என்ற சொல் அதில் இருப்பதால் சேவையே ஞானப் பயிற்சியாகிறது. செயலும் ஞானமும் வெவ்வேறு என்ற வாதம் நேரடியாக மறுக்கப்படாமலேயே வலுவிழக்கிறது.

சொல்லில் அழகாக அமைந்த இந்தக் கொள்கை செயலில் எப்படி இருந்தது என்பதற்கு முர்ஷிதாபாத் சாட்சி. மிஷன் தோன்றிய அதே மாதத்தில், அகண்டானந்தர் என்ற துறவி கங்கைக் கரையோரமாக நடந்து சென்றபோது, தாத்பூர் என்னும் ஊரில் மண்குடம் உடைந்து அழுதுகொண்டிருந்த ஒரு முஸ்லிம் சிறுமியைக் கண்டார். பஞ்ச காலம், வீட்டில் வேறு குடம் இல்லை, தாய் அடிப்பாள் என்ற அச்சம். கையிலிருந்த சில்லறையில் ஒரு குடமும் கொஞ்சம் அவலும் வாங்கிக் கொடுத்தார். அதைப் பார்த்துப் பசித்த பிள்ளைகள் பலர் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவரால் அந்த வட்டாரத்தை விட்டுப் போக முடியவில்லை. மே 15இல் மஹுலாவில் அரிசி வழங்கும் பணி தொடங்கியது. விவேகானந்தர் துணைக்கு ஆட்களை அனுப்பினார். மிஷனின் ஒழுங்கமைந்த நிவாரணப் பணிகளுக்கு இதுவே தொடக்கம். இந்துத் தொண்டர் என்னும்போது ‘இந்து’ என்ற அடைமொழி தொண்டு செய்பவரைக் குறிக்கிறதா, பெறுபவரையும் சேர்த்துக் குறிக்கிறதா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. அந்த உடைந்த குடம் யாருடையது என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு அவ்விவாதத்தில் அதிக நேரம் செல்லாது.

கண்ணுக்கான பயிற்சி எவ்வளவு கடினமானது என்பது பிளேக் காலத்தில் வெளிப்பட்டது. 1898இல் நோய் கல்கத்தாவை எட்டியபோது, மக்கள் நோயைவிடக் கட்டாயத் தடுப்பூசிக்கும் தனிமைப்படுத்தலுக்கும் அதிகமாக அஞ்சி ஓடினர். பணம் போதாவிட்டால் மடத்துக்காகப் புதிதாக வாங்கிய நிலத்தையே விற்றுவிடலாம் என்றார் விவேகானந்தர். அடுத்த ஆண்டு அவருடைய சீடர்களான நிவேதிதை செயலராகவும் சதானந்தர் களத்தலைவராகவும் இருந்து பாக்பஜார் சேரிகளைத் துப்புரவு செய்யும் பணி தொடங்கியது. சந்து ஒன்று கூட்டப்படாமல் கிடப்பதைக் கண்ட நிவேதிதை தாமே துடைப்பத்தை எடுத்தார்; அதைக் கண்டு வெட்கிய தெருவாசி இளைஞர்கள் பிறகு துடைப்பத்தைப் பிடித்தனர். பிளேக் கண்ட ஒரு குழந்தையைக் குடிசையில் அவர் மடியில் வைத்திருந்ததையும், சிறிய ஏணியில் ஏறி அந்தக் குடிசைச் சுவருக்குத் தாமே வெள்ளையடித்ததையும் மருத்துவர் ராதா கோவிந்த கர் எழுதி வைத்திருக்கிறார். குழந்தை பிழைக்கவில்லை. இந்துத் தொண்டுக்கு அன்று இலக்கணம் காட்டியவர் அயர்லாந்தில் பிறந்து ஓராண்டுக்கு முன்புதான் பிரம்மச்சரிய தீட்சை பெற்ற ஒரு பெண் என்பதை, இவ்வரலாற்றைப் பெருமையோடு சொல்பவர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

ஏனெனில் இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1901இல், அதே நகரில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்த காந்தி கண்ட காட்சி வேறு. ரிப்பன் கல்லூரியில் தங்கிய பிரதிநிதிகளுக்கான கழிப்பிடங்கள் நாறிக் கிடந்தன. அதைத் தொண்டர்களிடம் சுட்டியபோது, அது தோட்டியின் வேலை என்ற பதில் வந்தது. காந்தி துடைப்பம் கேட்டார். கேட்கப்பட்டவர் திகைத்து நின்றார். அதே வளாகத்தில் தமிழ்ப் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சமையலறை ஒன்று தட்டி அடைத்துக் கட்டப்பட்டிருந்ததையும், உண்ணும்போது பிறர் கண் பட்டாலே தீட்டு என்று அவர்கள் கருதியதையும் காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தமிழ் வாசகருக்கு இது இனிய செய்தியன்று. அங்கிருந்த தொண்டர்கள் சோம்பேறிகளும் அல்லர், நாட்டுப்பற்று இல்லாதவர்களும் அல்லர். எது யாருடைய வேலை என்று பிறப்பிலேயே தீர்மானித்துவிட்ட கண்ணோடு அவர்கள் வந்திருந்தார்கள், அவ்வளவே. நாட்டின் மீட்சிக்காகக் கூடிய மாநாட்டில் அந்தக் கண்ணைத் திருத்துவதற்கு எவரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை.

பயிற்சிக்கு நீண்ட காலம் தேவை என்பதை இரு வேறு பின்னணியினர் ஏறக்குறைய ஒரே காலத்தில் உணர்ந்தது கவனத்துக்குரியது. கோபால கிருஷ்ண கோகலே 1905 ஜூன் 12இல் பூனாவில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கம் சமயச் சார்பற்றது. ஆனால் நாட்டுப்பணியைச் சமய உணர்வோடு செய்யத் தயாரானவர்களுக்காகவே அது அமைந்தது. ஏழு உறுதிமொழிகளும் ஐந்தாண்டுப் பயிற்சியும் அதன் விதிகள். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் தக்கர் பாபாவும் அந்தப் பட்டறையில் உருவானவர்கள். எவருடனும் சொந்தப் பகை கொள்ளேன் என்பதும் அந்த உறுதிமொழிகளில் ஒன்று. பொதுவாழ்வில் இருப்பவர்களை அறிந்தவர்களுக்கு ஐந்தாண்டு அதற்கே போதாது என்று தோன்றலாம். ராமகிருஷ்ண இயக்கத்தின் பேலூர் மடத்திலும் சேர்ந்தவுடன் காவி கிடைப்பதில்லை. சில ஆண்டுகள் பயிற்சி நிலையில் இருந்தபின் பிரம்மச்சரிய தீட்சையும், மேலும் பல ஆண்டுகள் கழித்தே சன்னியாசமும் அளிக்கப்படுகின்றன. அக்காலத்தில் பயிற்சி பெறுபவர் பூசையும் செய்வார், விடுதிச் சமையலறைக் கணக்கும் பார்ப்பார், ஆஸ்பத்திரியில் இரவும் விழிப்பார். இவற்றுக்குள் உயர்வு தாழ்வு தெரியாமல் போகும்வரை பயிற்சி முடிந்ததாகக் கொள்வதற்கில்லை.

துறவியல்லாத இளைஞருக்கும் இத்தகைய பயிற்சியைத் திறந்துவிட முனைந்தவர் ஏக்நாத் ரானடே. ராஷ்ட்ரீய சுயம்சேவக் சங்கத்தின் பொதுச்செயலராக இருந்தவர். கன்னியாகுமரி விவேகானந்தர் பாறை நினைவாலயத்தைக் கட்டி முடித்து, அது 1970இல் திறக்கப்பட்டபின், கல்லால் ஆன நினைவகம் மட்டும் போதாது என்று 1972 ஜனவரி 7இல் விவேகானந்த கேந்திரத்தைத் தொடங்கினார். வாழ்நாள் முழுவதையும் பணிக்கு ஒப்புக்கொடுப்பவரை ‘ஜீவன்விரதி’ என்று அது அழைக்கிறது; விவேகானந்தபுரத்தில் யோகமும் கீதையும் பயின்றவர்கள், பிறகு அருணாசலப் பிரதேசத்தின் உறைவிடப் பள்ளிகள்வரை சென்று பணியாற்றினர். மனிதனை உருவாக்குவது, தேசத்தை மறுநிர்மாணம் செய்வது என்பவை அதன் இரு இலக்குகள்.

இரண்டாவது இலக்கைத்தான் தத்துவ நோக்கில் உற்றுப்பார்க்க வேண்டும். கொடுக்க வேண்டியது கடமை என்பதற்காகவே, கைம்மாறு செய்ய இயலாதவர்க்கு, இடமும் காலமும் தகுதியும் பார்த்துக் கொடுப்பது சாத்துவிக தானம் என்றும், பலனைக் குறித்துக் கொடுப்பது ராஜசம் என்றும் கீதையின் பதினேழாம் அத்தியாயம் பிரிக்கிறது. தேச மறுமலர்ச்சி என்பது பலனா, இல்லையா? தனக்கென்று எதையும் தொண்டர் வேண்டாதபோது அது பலனாகாது என்பர் ஒரு சாரார். அவர்கள் வாதத்தில் வலு உண்டு. ஆனால் பசித்தவர் முன் உட்கார்ந்து பரிமாறும்போது தொண்டரின் கண் அவரைக் கடந்து அவருக்குப் பின்னால் எழப்போகும் வலிமைமிக்க தேசத்தையோ, எண்ணிக்கையில் பெருகப்போகும் சமூகத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால், எதிரே இருப்பவர் செங்கல்லாகிவிடுகிறார். இதே குற்றம் முக்தி வேட்பவருக்கும் பொருந்தும்: தன் மனத்தூய்மைக்காகத் தொண்டு செய்பவருக்கு ஏழை ஒரு படிக்கட்டு. மிஷனின் குறிக்கோள் வாக்கியம் தன் விடுதலையையும் உலக நலனையும் ஒரே மூச்சில் சொல்வதன் காரணம், ஒன்று மற்றொன்றைக் கருவியாக்கிவிடாமல் காப்பதாக இருக்கலாம். தேசத்தின் மீட்சி தொண்டின் விளைவாக வரலாம்; அதை நோக்கமாக முன்னிறுத்தும் பயிற்சி, தொண்டர்களைவிடப் பிரசாரகர்களையே அதிகம் உருவாக்கும் என்று அஞ்ச இடமுண்டு.

வேதாந்தச் சொற்களைவிட இங்கே உதவக்கூடியது கணக்குப் புத்தகமாக இருக்கலாம். ஒரு காரியத்துக்கென்று பெற்ற பணத்தை வேறெந்த அவசரத்துக்கும் தொடக்கூடாது என்பதில் விவேகானந்தர் கொண்டிருந்த கண்டிப்பு நிர்வாக ஒழுங்கு மட்டும் ஆகாது. அந்தப் பணத்தின் உடைமையாளர் அரிசி வாங்க வந்து நிற்பவரே, தொண்டர் அவருடைய கணக்கப்பிள்ளை என்ற பார்வை அதில் இருக்கிறது. அகண்டானந்தர் பஞ்சம் நீங்கிய பின்னும் முர்ஷிதாபாத்தை விட்டுப் போகவில்லை. அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கி, எழுத்தோடு நெசவும் தச்சும் கற்றுக்கொடுத்து, சார்காச்சியில் நிலைகொண்டார். 1934இல் மடத்துக்கும் மிஷனுக்கும் தலைவரான பின்பும், கல்கத்தாவை அடுத்த பேலூரில் தலைமைப் பீடம் இருக்க, 1937இல் மறையும்வரை தம் நாள்களின் பெரும்பகுதியை அந்தக் கிராமத்திலேயே கழித்தார்.