நன்றியின் விலையை யார் கொடுப்பது?

"சேர், பத்து வருசமா ஒரு ரீமுக்கு விளையாடிக் களைச்சவனை, இப்ப அவன்ட தகுதிக்கு மேல காசு குடுத்து வச்சிருக்கிறது நியாயமா?"

படுவான்கரையிலுள்ள எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்பு மாணவனொருவன் இவ்வாறு கேட்டபோது, கிரிக்கெட் மோகத்தில் எழுந்த கேள்வியென்றே முதலில் எண்ணினேன். அவன் ஒரு முல்லைக்காரரின் மகன் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது. முப்பது வருடங்களாக ஒரே போடியாரின் வயலில் பாடுபட்டவர் அவனுடைய தகப்பனார். முதுமையினால் அவர் கை தளர்ந்துவிட்டது. "பழைய ஆள், விசுவாசமானவர், விடமாட்டேன்" என்று சொல்லி, போடியார் அவரை வழமையான கூலிக்கே வைத்துக்கொண்டார். ஆனால், உடன் நின்ற இளைஞர் இருவரின் கூலியில் கைவைத்தே அந்தத் தாராளத்தை ஈடுசெய்தார். போடியாருக்கு ஊரில் நல்ல பெயர். இளைஞருக்கோ முதியவர்மீது கோபம்.

வயலின் கணக்கு வெளியே தெரிவதில்லை; விளையாட்டரங்கின் கணக்கு பகிரங்கமானது. ஆகவே அவன் கேட்ட இடத்திலிருந்தே தொடங்குவோம்.

சந்தை தரும் விடை எளிது: நாளை வீசப்போகும் பந்துக்கே கூலி, நேற்றைய பந்துக்குக் கணக்குத் தீர்ந்தது. பல்லாண்டுகள் சென்னை சுப்பர் கிங்ஸ் அணியின் தூணாக நின்ற சுரேஷ் ரெய்னாவை 2022ஆம் ஆண்டின் ஏலத்தில் எந்த அணியும் வாங்கவில்லை.

உணர்ச்சி தரும் விடையும் எளிதே. 2018ஆம் ஆண்டின் ஏலத்தில் எவரும் வாங்காத நம் நாட்டு லசித் மாலிங்கவை, மும்பை இந்தியன்ஸ் அணி பந்துவீச்சு வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. அடுத்த பருவத்துக்கு 2 கோடி இந்திய ரூபாய்க்கு வீரராகவே மீட்டெடுத்தது. 2019 மே 12ஆம் திகதி ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில், முதல் 3 ஓவர்களில் 42 ஓட்டங்களைக் கொடுத்திருந்த அவர், கடைசிப் பந்தில் விக்கெட் வீழ்த்திச் சென்னையை 1 ஓட்டத்தால் தோற்கடித்தார். நன்றி வீண்போகாது என்பதற்கு இதனையே சான்று காட்டுவர். அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் மும்பையின் நன்றி தவறாகியிருக்குமா? ஒரு பந்தின் போக்கிலே தொங்கும் அறம் எப்படி அறமாகும்? பலனை எதிர்பார்த்துச் செய்வதற்கு முதலீடு என்று பெயர்.

இவ்விரு விடைகளும் ஒன்றைக் கேட்க மறந்துவிடுகின்றன. மிகையாகக் கொடுக்கும் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது?

இந்தியன் பிரீமியர் லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் ஊதிய வரம்புண்டு. 2025ஆம் பருவத்துக்கு அதில் ஏலத்தொகை வரம்பு 120 கோடி ரூபாய். அந்த வரம்பு நிறைந்திருக்கையில் மூத்தவருக்கு ஒரு கோடி கூடினால் வேறொருவருக்கு ஒரு கோடி குறையும். முதலாளிக்கு ஒரு சதமும் நட்டமில்லை. 2022இல் 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்ட மகேந்திர சிங் தோனி, 2025ஆம் பருவத்துக்கு 4 கோடிக்கு நின்றார். அதே பட்டியலில் நம் நாட்டு இளைஞர் மதீஷ பத்திரனவுக்கு 13 கோடி கிடைத்தது. மூத்தவரின் தொகை சுருங்க, இளையோருக்கு இடம் விரிந்தது. செல்வந்தரான தோனிக்கு அது இயலும். அவரை உதாரணங் காட்டி, அன்றாடக் கூலியில் வாழ்பவரை விட்டுக்கொடுக்கச் சொல்வது கொடுமை.

இத்தகைய வரம்புகளை வகுப்பவர் யார்? வட அமெரிக்கப் பனி ஹொக்கியில் முதலாளிமார் 2004-05ஆம் பருவம் முழுவதும் கதவடைப்புச் செய்து, வீரர் சங்கத்தை 2005இல் ஊதிய வரம்புக்கு இணங்கச் செய்தனர். இந்தியன் பிரீமியர் லீக்கின் 2023 முதல் 2027 வரையான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. பருவமொன்றுக்கு 9,600 கோடிக்கு மேல். 2025இல் 10 அணிகளின் ஏலத்தொகை வரம்பையும் கூட்டினால் 1,200 கோடிதான். சட்டியைச் சிறிதாக்கி வைத்துவிட்டு, மூத்தவனையும் இளையவனையும் அகப்பைக்குச் சண்டையிட விடுகிறார்கள்.

ஆகவே, கடந்தகால உழைப்புக்குரிய நன்றி நாளைய கூலிக்குள் மறைத்துக் கொடுக்கப்படலாகாது. அது கடன். அந்த உழைப்பினால் இலாபமடைந்தவனே, தன் இலாபத்திலிருந்து, கடனென்று பெயர் சொல்லியே கொடுக்கவேண்டும். இந்த நீதியை நம் நாட்டுச் சட்டமும் ஓரளவு ஏற்றிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், 5 ஆண்டுகள் பணியாற்றி விலகும் மாதச் சம்பளத் தொழிலாளிக்கு, ஆண்டொன்றுக்கு அரைமாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை வழங்கவேண்டுமென விதிக்கிறது. முதலாளியின் இரக்கத்துக்கு அங்கே வேலையில்லை. தொழிலாளி தலைகுனியவும் வேண்டியதில்லை. ஆனால் அக்கடப்பாடு 15 தொழிலாளரையேனும் கொண்ட இடங்களுக்கே உரியது. ஒரு போடியாரின் வயலில் நிற்கும் நான்கைந்து பேரை அது தேடி வருவதில்லை.

விசுவாசம் என்ற சொல்லை நாம் எப்போதும் உழைப்பவனிடமே எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். முப்பது வருட விளைச்சலை வாங்கிக்கொண்டவனுக்கு விசுவாசம் வேண்டாமா? இளைஞரின் கூலியைப் பிடுங்கி முதியவருக்குக் கொடுப்பவன், தன் கடனைப் பிறரைக்கொண்டு அடைத்துவிட்டு, நன்றியுள்ளவன் என்ற பெயரையும் தட்டிக்கொள்கிறான்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தேன். மாணவன் சிறிது நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"அப்படியெண்டா சேர், அந்த ரெண்டு பொடியன்மாரும் அப்பாவோட கோவிக்கிறத விட்டுப்போட்டு, மூண்டு பேருமாச் சேர்ந்துதான் போடியாரிட்டப் போகணும்."