அணிபவரும் தைப்பவரும்

சமுதாய மாற்றத்தை வேண்டி நிற்போரிடையே ஓர் எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. உடையிற் கருத்தூன்றுவது அற்பமான காரியம் என்பதே அது. இன்று எதை உடுப்பது, எந்த நிறத்துக்கு எந்தக் கரை பொருந்தும் என்றெல்லாம் காலையில் எண்ணிப் பார்ப்பவர், மக்கள் பிரச்சினைகளை எண்ணமாட்டார் எனச் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். கசங்கிய சட்டையே கொள்கைப் பற்றுக்குச் சான்றெனக் கருதுவாரும் உளர். உடையை விரும்பும் ஒருவர் அவ்விருப்பத்தோடு நேர்மையாக வாழ்தல் இயலாதா என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவதற்கும் நகை பூணுவதற்கும் இருபதாம் நூற்றாண்டிலுங்கூடத் தடைகள் இருந்தன. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். 1859ஆம் ஆண்டில் அரச பிரகடனம் அவ்வுரிமையை வழங்கிற்று. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போன்று அணியலாகாது என்ற நிபந்தனை இருந்தது. உடை அற்பமானதாயின், ஒரு முழத் துணியை மறுப்பதற்கு ஆதிக்கஞ் செலுத்தியோர் இத்துணை பாடுபட்டிருப்பாரா? தன் உடலைத் தான் விரும்பியவாறு அணி செய்துகொள்ளுதல் மனித கௌரவத்தின் ஒரு கூறு. அவ்வுரிமை என்றுமே மறுக்கப்படாதவர்களுக்குத்தான் அதனை ஏளனஞ் செய்வது எளிதாகின்றது.

கார்ல் மார்க்ஸின் வாழ்விலும் இதற்கு ஒரு சான்றுண்டு. 1852ஆம் ஆண்டில், மேலங்கிகள் அடகுக்கடையில் இருந்தமையால் வீட்டை விட்டு வெளியே செல்ல முடியாதிருந்ததாக அவர் ஏங்கல்சுக்கு எழுதினார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' நூலிற் பண்டத்தின் மதிப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் லினன் துணியும் மேலங்கியுமேயாகும். மேலங்கியின் அருமையை அறிந்தவரே அவ்வுதாரணத்தை எழுதினார்.

ஆகவே விருப்பத்திற் குற்றமில்லை. ஆனால் அவ்விருப்பம் உண்மையில் எவருடையது? பிறரைப் போல இருக்கவேண்டும், பிறரினின்றும் வேறுபடவும் வேண்டும் என்ற இரு உந்துதல்களும் சேர்ந்தே நாகரிக மோகத்தை இயக்குகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் சிம்மெல் 1904ஆம் ஆண்டிலேயே காட்டினார். இன்றைய சந்தை இவ்விரண்டையும் ஒரே நுகத்திற் பூட்டியுள்ளது. “இது உங்கள் தனித்துவம்” என்று கூறியே ஒரே சட்டையைப் பல்லாயிரம் பேருக்கு விற்கின்றது. சில மாதங்களில் அதனைப் பழையதென்று தானே அறிவித்துவிடுகின்றது. இந்த வேகத்துக்கு விலை கொடுப்போர் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்கள்.

1978ஆம் ஆண்டில் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது முதல், நம் நாட்டுக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக இளம் பெண்கள் அங்கு சென்று நாள் இலக்குகளுக்கு ஈடுகொடுத்துத் தைத்து வருகின்றனர். வங்காளதேசத்தில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் திகதி ரானா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டும் அவர்கள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அவர்கள் தைத்தவை பட்டாடைகள் அல்ல. உலகெங்கும் சாதாரண மக்கள் நாளாந்தம் அணியும் மலிவான சட்டைகளே.

இதனைக் கேட்டு, மலிவான சட்டையை வாங்கும் ஏழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தகாது. பணவீக்கம் 70 வீதமளவுக்கு உயர்ந்த 2022ஆம் ஆண்டின் நவம்பரில், ஆசிரியைகள் சிலர் சேலைக்குப் பதிலாக வேறு உடையில் பாடசாலைக்கு வந்தமை நாடெங்கும் விவாதமாயிற்று. பண்பாடு பற்றிப் பேசியோர் அநேகர். சேலையின் விலையையும் ஆசிரியையின் சம்பளத்தையும் சேர்த்துப் பேசியோர் சிலரே. வசதியற்றவரின் உடையில் ஒழுக்கத்தை அளக்கும் பழக்கம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

உடையில் ஒருவரின் தனித்தன்மை வாங்கும் எண்ணிக்கையில் இல்லை, தேர்வில் இருக்கின்றது. தாயின் பழஞ்சேலையில் மகளுக்குப் பாவாடை தைத்தவர்களும், ஒரே காற்சட்டையைத் துவைத்து மடிப்புக் கலையாது ஆண்டுக்கணக்கில் அணிந்தவர்களும் அதனை நன்கறிந்தவர்கள். குறைவாக வாங்கி, நெடுநாள் பேணி, கிழிந்ததைத் தைத்து அணிபவரிடம் அழகுணர்ச்சி குன்றுவதில்லை; கூர்மையடைகின்றது.

எனினும் தனிமனிதரின் சிக்கனத்தால் மட்டும் தொழிற்சாலையின் நிலை மாறிவிடாது. தைப்பவர் கேட்கும் நியாயமான கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் அணிபவரின் கோரிக்கைகளாகவும் ஆதல் வேண்டும். தைக்கும் பெண்ணும் தான் விரும்பிய ஆடையைத் தேர்ந்து அணியக்கூடிய நிலை வரும்போதே, நமது உடை விருப்பம் முற்றிலும் நேர்மையானதாகும். அந்நிலை வரும்வரை, கண்ணாடி முன் நிற்கும் நாம் நமக்கு இது பொருந்துகின்றதா என்று பார்ப்பதோடு, இதைத் தைத்தவருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.