பழசு எங்கே போகும்?

பழைய மிக்ஸியைக் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டுப் புது மிக்ஸி வாங்கியிருப்பீர்கள். எக்ஸ்சேஞ்ச் மேளாவில் நம்மில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். சரி, அந்தப் பழைய மிக்ஸி இப்போது எங்கே இருக்கிறது? தெரியாது. தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. மிஞ்சிப்போனால் யார் வீட்டிலாவது தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்கும்.

கொடுத்த பொருள் கைத்துப்பாக்கியாக இருந்தால்?

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இது சர்வசாதாரணமான வியாபாரம். அங்கே பொதுமக்கள் கையில் மட்டும் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக ஜெனீவாவில் உள்ள 'ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே' 2018-ல் கணக்குச் சொன்னது. ஜனத்தொகையைவிட அதிகம். இத்தனை இருந்தால், பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குகிற பழக்கமும் இருக்கத்தானே செய்யும்?

ஓஹியோ மாநிலத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மனிதர், குடும்பஸ்தர். தற்காப்புக்காக ஒரு க்ளாக் 19 வைத்திருக்கிறார். 1988-ல் வந்த மாடல். எடை சுமார் 600 கிராம், மாகசினில் 15 தோட்டா. இப்போது அவருக்கு சிக் பி365 மேல் ஒரு கண். 2018-ல் வந்தது. சுமார் 500 கிராம், 10 தோட்டா, உடம்பும் ஒல்லி. சட்டைக்குள் இருப்பதே தெரியாது. இரண்டும் செமி ஆட்டோமேட்டிக். அதாவது விசையை ஒரு தரம் அழுத்தினால் ஒரு குண்டு போகும், அடுத்தது தானாக ஏறி நிற்கும்.

மாற்றலாமா, வேண்டாமா? மனிதர் ராத்தூக்கம் இல்லாமல் யோசிக்கிறார். சின்னதைச் சுமப்பது சுலபம், ஆனால் சுடும்போது உதைப்பு அதிகம். பழசில் கை பழகிவிட்டது. புதுசுக்கு மறுபடி பயிற்சி, மறுபடி தோட்டாச் செலவு. கடைக்காரர் பழசுக்கு எவ்வளவு கொடுப்பார்? மேலே எவ்வளவு போட வேண்டும்?

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கில் ஒரு குறையும் இல்லை. ஒரே ஒரு வரிதான் விட்டுப்போயிருக்கிறது. பழசு எங்கே போகும்?

ஏன் விட்டுப்போகிறது என்பது சுவாரஸ்யமான விஷயம். கானமன், நெட்ஷ், தாலர் என்ற மூன்று நிபுணர்கள் 1990-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் காபி குடிக்கிற மக் ஒன்றைக் கொடுத்தார்கள். கையில் மக் உள்ளவர்கள் அதை விற்க ஏறக்குறைய 7 டாலர் கேட்டார்கள். இல்லாதவர்களோ 3 டாலருக்கு மேல் தரத் தயாரில்லை. நம் கையில் இருக்கிறது என்பதாலேயே ஒரு பொருளுக்கு மதிப்பு கூடிவிடுகிறது. இதன் மறுபக்கத்தை நான் சேர்த்துக்கொள்கிறேன். கையைவிட்டுப் போன மறுநிமிஷம் அது நமக்கு யாரோ பெற்ற பிள்ளை. பத்து வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்து, பூட்டிப் பாதுகாத்த மனிதர், ரசீது கைக்கு வந்ததும் அதை மறந்துவிடுகிறார்.

தனி மனிதரை விடுங்கள். போலீஸே இதைத்தான் செய்கிறது. அமெரிக்காவில் பல போலீஸ் துறைகள் பழைய பிஸ்டல்களை டீலரிடம் கொடுத்து, புதுசுக்குத் தள்ளுபடி வாங்குகின்றன. வரிப்பணம் மிச்சம், நல்ல நிர்வாகம் என்று பெயர். சி.பி.எஸ். நியூஸ், தி ட்ரேஸ், ரிவீல் என்ற மூன்று செய்தி நிறுவனங்கள் 2024-ல் சேர்ந்து துருவியபோது என்ன தெரிந்தது? ஒரு காலத்தில் போலீஸ் கையில் இருந்த 52,000-க்கும் அதிகமான துப்பாக்கிகள் 2006-லிருந்து குற்றம் நடந்த இடங்களில் அகப்பட்டிருக்கின்றன. தொலைந்ததும் திருட்டுப்போனதும் அதில் சேர்த்திதான். ஆனால் பல, போலீஸே சந்தையில் விட்டவை. பழசு எங்கே போகும் என்பதற்கு இது ஒரு பதில்.

இன்னொரு பதிலும் உண்டு. மூன்றாவது கை என்றதும் கொள்ளைக்காரனை மட்டும் நினைக்காதீர்கள். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். யாரோ ஒருவருடைய மிக மோசமான ஒரு ராத்திரியில், அந்தப் பழைய பிஸ்டல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம்.

நீங்கள் கேட்பது புரிகிறது. "முறைப்படி விற்றால் அத்தோடு என் பொறுப்பு முடிந்தது. வாங்கினவன் செய்கிறதுக்கெல்லாம் நான் ஜவாப்தாரியா? அப்படிப் பார்த்தால் அரிவாள்மனை விற்கிறவரையும் பிடித்து உள்ளே போடணுமே?" நியாயமான கேள்வி. அரிவாள்மனையின் வேலை காய் நறுக்குவது. வேறு விதமாகப் பயன்பட்டால் அது விபரீதம். பிஸ்டலுக்குச் சுடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. ஒரு பொருளால் என்ன நடக்கும் என்பதை எந்த அளவுக்கு முன்கூட்டியே ஊகிக்க முடியுமோ, அந்த அளவுக்கு அதைக் கைமாற்றுகிறவருக்குப் பொறுப்பு உண்டு. முழுப் பொறுப்பு என்று சொல்லவில்லை. ஆனால் பூஜ்யம் இல்லை.

பழைய ஸ்கூட்டரை விற்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது என்ன? "ஆர்.சி. புக்கில் பேர் மாத்தியாச்சா?" நாளைக்கு அது எங்கேயாவது போய் இடித்தால் போலீஸ் நம் வீட்டுக் கதவைத் தட்டும் என்ற பயம். அமெரிக்கத் துப்பாக்கிக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஒரு ஆர்.சி. புக் இல்லை. 1986-ல் வந்த சட்டம் அத்தகைய பதிவேட்டையே தடுக்கிறது. சீரியல் நம்பரை வைத்துத் தேடினால், தயாரிப்பாளர், டீலர், முதலில் வாங்கியவர் வரை போகலாம். பெரும்பாலும் அதற்கப்புறம் கயிறு அறுந்துவிடும். ஓஹியோ போன்ற மாநிலங்களில் ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்குள் விற்று வாங்கிக்கொண்டால், வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கதவு தட்டப்படும் பயம் அவ்வளவாக இல்லை. பயம் இல்லாத இடத்தில் மனசாட்சி மட்டும்தான் பாக்கி.

அப்படியானால் நம் ஓஹியோக்காரர் என்ன செய்யலாம்? பழசைக் கொடுக்காமல் தானே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு துப்பாக்கி, இரண்டையும் பூட்டி வைக்கும் பொறுப்பு. டீலரிடம் கொடுக்கலாம். அங்கிருந்து வாங்குகிறவருக்குப் பின்னணிச் சோதனை நடக்கும், ஆனால் அவருக்கு அடுத்தவருக்கு உத்தரவாதம் இல்லை. அழிப்பதற்கென்று ஒப்படைத்துவிடலாம். உத்தரவாதம் கொஞ்சம் கூடும், காசு நஷ்டம். அல்லது மாற்றவே வேண்டாம், 100 கிராம் கூடுதல் எடையோடு வாழப் பழகிக்கொள்ளலாம்.

நாலில் எது சரி என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. ஆனால் நாலுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையைத் தானே தர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை வேறு யாரோ தருவார்கள். 10 தோட்டாவா 15 தோட்டாவா என்று அவர் கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த மூன்றாவது ஆள் அங்கே நிற்கவில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த தடவை எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் பார்த்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். மிக்ஸியென்றால் தாராளமாகக் கொடுங்கள். பிரேக் சரியாகப் பிடிக்காத பழைய பைக் என்றால், சரி பண்ணிக் கொடுங்கள். அதை ஓட்டப்போகிற பையனை உங்களுக்குத் தெரியாதுதான். தெரியாது என்பதனால்தான் சொல்கிறேன்.