தூண்டிலும் தராசும்

பிடித்த மீனைக் கொல்லாமலும் உண்ணாமலும் மறுபடியும் நீரிலேயே விட்டுவிடுகிறவன் தயையுள்ளவனா? அல்லது பசிக்காகக் கொல்லுகிறவனைக் காட்டிலும் ஒரு படி தாழ்ந்தவனா? இக்கேள்வியைக் கேட்டவுடன் சிலர் நகைக்கக்கூடும். மனிதரின் துன்பமே தீர்ந்தபாடில்லை. மீனின் துன்பத்தைப்பற்றி எழுதத் தாளும் மையும் வேண்டுமா என்று கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும் தன்னிலும் எளிய உயிரிடம், எவரும் பார்க்காத இடத்தில், ஒருவன் எவ்விதம் நடந்துகொள்கிறான் என்பதில் அவனுடைய மனிதத்தன்மையின் அளவு தெரிந்துவிடுகிறது என்பது நமது எண்ணம். ஆகவே அன்பர்கள் சற்றுப் பொறுமையுடன் இதனைப் படிக்க வேண்டுகிறோம்.

செந்தூலில் நமக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூரில் இரயில்வேப் பணிமனை எழுந்தது. அதை நம்பிப் பல தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேரூன்றின. அத்தகைய குடும்பமொன்றில் பிறந்து, அப்பணிமனையிலேயே உழைத்து ஓய்வுபெற்றவர் இவர். நாமோ கிள்ளான் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஓய்வுள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு குளக்கரையில் அமர்வது நமது வழக்கம். நாற்பது ஆண்டுகளாகத் தூண்டில் பிடித்தவர் அவர். கூடை நிறையச் சிறுமீன் பிடிப்பதில் அவருக்கு விருப்பமில்லை. பெருங்கெண்டை ஒன்றே அவருடைய குறி. அதற்காக மூன்று ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினாலும் அவர் முகம் வாடுவதில்லை.

கோலாலம்பூர் என்னும் நகரமே ஈயத்தாற் பிறந்ததென்பதை அன்பர்கள் அறிவார்கள். 1857-இல் ஈயந்தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங் பக்கம் சென்ற கூட்டத்தாரின் உழைப்பிலிருந்தே இந்நகரம் தோன்றிற்று. ஈயம் தீர்ந்தது, தோண்டிய பள்ளங்கள் நின்றன. மழைநீர் நிறைந்து அவை குளங்களாயின. சுங்கை பீசியிலும் சன்வேயிலும் உள்ள பழைய சுரங்கங்கள் இன்று உல்லாச ஏரிகளாய் விளங்குகின்றன. பெயரற்ற லம்பக் குட்டைகளோ இன்னும் எத்தனையோ உண்டு. அவற்றிற் புல்கெண்டையும் ரோகுவும் பெருந்தலைக் கெண்டையும் விடப்பட்டு, ஆளறியாமல் வளர்ந்து பருத்திருக்கின்றன. அத்தகைய குட்டையொன்றே நமது பெரியவரின் பள்ளிக்கூடம்.

கெண்டையை அறிவற்ற உயிரென்று எண்ணுவது பிழை. அதன் தாடையிற் பல்லில்லை. பல் தொண்டைக்குள் இருக்கிறது. அதன் உடலினுள் உள்ள காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் இடையே சிறு எலும்புகள் தொடர்ந்து நின்று ஒலியைக் கொண்டு செல்லுகின்றன. ஆதலால் கரையில் ஒருவன் செருப்புக்காலோடு தொம்மென்று நடந்தால் அது உடனே உணர்ந்துகொள்ளும். பெரியவர் கரைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவார். கோவிலுக்குள் நுழைவதுபோல் நடப்பார். காற்று எப்பக்கம் வீசுகிறது, குமிழி எங்கே எழுகிறது, நாணல் எவ்விடத்தில் அசைகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்த பிறகே முள்ளில் இரை கோப்பார். 'மீன் பிடிக்கிறதுக்கு முன்னாடி குளத்தைப் படிக்கணும் தம்பி' என்பது அவருடைய வாக்கு.

நிற்க. இத்தகைய பொறுமையைப் பார்த்து வியந்து, இதுவே ஒரு தவமென்று பாராட்டுகிறவர்கள் உண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் சிறிது யோசித்துப் பார்த்தால், பொறுமை என்பது தன்னளவில் நன்மையுமன்று, தீமையுமன்று என்பது விளங்கும். கன்னம் வைக்கிற திருடனுக்கும் பொறுமை உண்டு. கடன் பத்திரத்தின் கெடு தீரும்வரை காத்திருந்து ஏழையின் வீட்டை எடுத்துக்கொள்ளுகிற வட்டிக்காரனுக்கும் பொறுமை உண்டு. எதற்காகப் பொறுத்திருக்கிறோம் என்பதே பொறுமைக்கு மதிப்பைத் தருகிறது. ஆகவே மீன்பிடிப்பவனின் பொறுமையைப் பாராட்டுமுன் அவன் நாடும் பயன் யாதென்று கேட்பதே முறை.

முற்காலத்தில் அப்பயன் வெளிப்படையாய் இருந்தது, அது வெற்றி. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர் இந்திய நதிகளில் தூண்டிலிடுவதைப்பற்றி 1873-இல் ஒரு நூலே வெளியிட்டார். காவிரியிலும் அதன் கிளைநதிகளிலும் வாழும் பெருங்கெண்டையாகிய மஹ்சீரைத் தேடித் துரைமார் முகாம் போட்டார்கள். 1946-இல் கபினி நதியில் வான் இங்கன் என்பவர் பிடித்த மஹ்சீர் 120 இராத்தல் எடை. அதாவது ஏறக்குறைய 54 கிலோ. பாடஞ்செய்யப்பட்ட புலித்தலைகளைப்போலவே மீன்தலைகளும் அக்காலத்தில் மாளிகைச் சுவர்களை அலங்கரித்தன.

இங்கே ஒன்றை நாம் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. வயிற்றுப் பிழைப்புக்காக வலைவீசி, ஊருக்கு உணவளித்த மனிதனைச் சமூகம் தாழ்ந்தவனென்று ஒதுக்கிற்று. பொழுதுபோகாமல் தூண்டிலிட்டு, பிடித்ததைச் சுவரில் மாட்டியவனைப் பெருந்தகை என்று போற்றிற்று. இரண்டு பேரும் கொன்றது மீனையே. ஒருவன் தேவைக்காகக் கொன்றான். மற்றவன் பெருமைக்காகக் கொன்றான். தேவையை இழிவென்றும் பெருமையை உயர்வென்றும் கொண்ட தராசு எவ்வளவு கோணலானது என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

பிற்காலத்தில் மேல்நாட்டாரிடமே ஒரு மாற்றம் உண்டாயிற்று. 1952-இல் ரிச்சர்டு வாக்கர் என்பவர் இங்கிலாந்திலுள்ள ரெட்மயர் குளத்தில் 44 இராத்தல் கெண்டையொன்றைப் பிடித்து, அதைக் கொல்லாமல் இலண்டன் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பினார். அது 1971 வரை அங்கே உயிரோடிருந்தது. பிடித்ததைத் திரும்ப நீரில் விடுவதே கண்ணியமென்னும் கொள்கை நாளடைவில் கெண்டை பிடிப்போரிடையே பரவிற்று. ஆனால் அதன் விளைவையும் பாருங்கள். பீட்டர்பரோ நகருக்கு அருகிலிருந்த ஓர் ஏரியில் 'பென்சன்' என்று பெயரிட்டழைக்கப்பட்ட கெண்டையொன்று இருந்தது. அறுபது தடவைக்குமேல் அது தூண்டிலிற் பிடிபட்டு, நிழற்படம் எடுக்கப்பட்டு, விடப்பட்டது. 2009-இல் அது இறந்தபோது நாளேடுகள் இரங்கல் எழுதின. அறுபது தடவை ஓருயிரின் வாயில் முள்ளைச் செருகிவிட்டு, இறந்த பின் அதற்காகக் கண்ணீர் வடிப்பது அன்பா? அன்புதான் என்றால், அது எத்தகைய அன்பு?

மீனுக்கு வலியே இல்லையென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுவது முன்பு எளிதாயிருந்தது. இன்று அது அவ்வளவு எளிதன்று. 1970-இல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சியாளர் பியூகெமா, ஒருமுறை தூண்டிலிற் சிக்கிய கெண்டைகள் அதன்பின் நெடுங்காலம் முள்ளைத் தவிர்ப்பதைக் கண்டு வெளியிட்டார். 2003-இல் லின் ஸ்னெடன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீயின் நஞ்சையும் அமிலத்தையும் செலுத்திச் சோதித்தனர். அம்மீன்கள் இரையை வெறுத்தன. உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. இதனை வலியென்று கூறலாகாதென்று மறுக்கும் அறிஞர்களும் இருக்கின்றனர். விவாதம் முடியவில்லை. ஆனால் ஐயம் இருக்குமிடத்தில் அந்த ஐயத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? தனக்கே கொடுத்துக்கொள்ளுகிறவன் நீதிபதியல்லன், கட்சிக்காரன். சுவிட்சர்லாந்து தேசத்தார், திரும்ப விடவேண்டுமென்னும் நோக்கத்தோடே மீன் பிடிப்பதை 2008-ஆம் ஆண்டு விதிகளில் தடைசெய்தார்கள். உண்பதற்கென்று பிடி, இல்லையேல் பிடிக்காதே என்பதே அவர்கள் முடிவு.

இவ்வளவும் நூலறிவு. நமக்குப் பாடமானது வேறொன்று.

சில ஆண்டுகளுக்குமுன் மழையற்ற மாதமொன்றில், குட்டையின் நீர் வெந்நீர்போலிருந்த ஒரு காலையில், பெரியவருடைய தூண்டிலில் ஒரு புல்கெண்டை சிக்கிற்று. நரம்பு விம்மிற்று, கோல் வளைந்தது. ஏறக்குறைய அரைமணி நேரம் போராடிய பிறகு அது கரையோரம் வந்தது. பெரியவர் கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றினார். உடனே விட்டுவிடுவதே அவர் கருத்து. நாமோ கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். எண்ணும் எடையும் இல்லாத எதையும் நமது மனம் ஒப்புவதில்லை. கொக்கித் தராசில் தூக்கிப் பார்க்கவேண்டுமென்று பிடிவாதஞ் செய்தோம். முதல்முறை கைநழுவி எண் சரியாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை தூக்கினோம். பிறகு நிழற்படம் எடுத்தோம்.

'போதும் தம்பி, அதுக்கு மூச்சு முட்டுது' என்றார் பெரியவர்.

'ஒரு நிமிஷம் ஐயா, கணக்கு சரியா இருக்கட்டும்' என்றோம் நாம்.

கணக்குச் சரியாய் வந்தது: பதினாலரைக் கிலோ. மீனை நீரில் நிமிர்த்திப் பிடித்தோம். சற்று நேரத்தில் அது வாலசைத்து ஆழத்திற்குச் சென்றது. நாம் மகிழ்ந்தோம், ஒரு தர்மஞ்செய்துவிட்ட திருப்தியோடு சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தோம். மாலையில் திரும்பும் வேளையில், நாணற்புதரின் ஓரத்தில் அதன் வெள்ளை வயிறு மேலே மிதந்தது. வெப்பமான நீரில் உயிர்க்காற்றுக் குறைவு. நீண்ட போராட்டத்தில் தசைகளில் அமிலம் சேர்ந்துவிடுகிறது. அந்நிலையில் நீருக்குமேல் வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் அதற்கு ஆபத்து என்பதையெல்லாம் பின்னரே படித்தறிந்தோம். கொல்லவேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை, உண்ணவும் இல்லை. ஓர் எண்ணுக்காக ஓருயிர் போயிற்று.

பெரியவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. தமது பழைய நோட்டுப் புத்தகத்தை நம்மிடம் நீட்டினார். 'பதினாலரைன்னு எழுதிக்க தம்பி. அதுக்குக் கீழே செத்துப்போச்சுன்னும் எழுது. பாதிக் கணக்கு எழுதக்கூடாது' என்றார்.

அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. தோட்டத்திலே முன்பு பாலை நிறுத்தோம். இன்று குலைகளை எண்ணி, எடையைப் பதிகிறோம். குலையின் கனம் ஏட்டில் ஏறுகிறது. அதைச் சுமந்தவனுடைய முதுகின் நோவு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பெற்றதை எழுதி, அதற்காகப் பிறர் கொடுத்ததை விட்டுவிடுகிற பாதிக் கணக்கே உலகத்துக் கொடுமைகளிற் பெரும்பாலானவற்றுக்கு மறைவிடமாயிருக்கிறது. பென்சனைப் பிடித்தவர்கள் எடையை எழுதினார்கள், வலியை எழுதவில்லை.

முழுக் கணக்கின் பயனுக்கும் ஓர் உதாரணம் உண்டு. காவிரிக் கரையிலிருந்த கலிபோரே முகாமில், பிடித்து விடுவோர் தாங்கள் பிடித்தவற்றை 1998 முதல் 2012 வரை பதிந்து வைத்தார்கள். 2012-இல் அங்கே தூண்டிலிடுவது நின்றுபோயிற்று. ஆனால் அந்தப் பதிவேடுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டபோதுதான், காவிரிக்கே உரிய திமில்முதுகு மஹ்சீர் அருகிவருவதும், நல்லெண்ணத்தோடு வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பெருகியிருப்பதும் உலகுக்குத் தெரிந்தன. 2018-இல் அந்தத் திமில்முதுகு மீன் அற்றுப்போகும் பேராபத்திலுள்ள இனமென்று உலகப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. தூண்டிற்காரரின் ஏடு இல்லாதிருந்தால் அம்மீன் அழிவதைக்கூட எவரும் அறிந்திருக்கமாட்டார்கள். ஆகவே தூண்டில் பிடிப்பவர் யாவரும் பாவிகள் என்று தீர்ப்பளிக்க நாம் துணியவில்லை. நதியை வெடிவைத்துக் கலக்குகிறவனும், நதியைக் கண்போற் காக்கிற தூண்டிற்காரனும் ஒன்றல்லர்.

எனினும் தூண்டிலில்லாமலே மீனை நேசிக்க வழியுண்டு என்பதையும் மறக்கலாகாது. பகாங்கில், தாமான் நெகாராவின் தகான் ஆற்றில் லூபோக் தெனோர் என்னுமிடம் கெலா மீன்களுக்குப் புகலிடமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. கெலாவும் மஹ்சீரின் உறவே. செம்பனைப் பழத்தையே இரையாக்கி அதைப் பிடிப்போர் பலர். அந்த இடத்திலோ மக்கள் முழங்கால் நீரில் நின்று இரையூட்டுகிறார்கள். மீன்கள் காலைச் சுற்றி வருகின்றன. அங்கே எடையுமில்லை, வெற்றியுமில்லை.

மற்றொரு புறம், பணங்கட்டிப் பிடிக்கும் குளங்களிற் பந்தயம் நடக்கிறது. பெரிய மீனுக்குப் பெரிய பரிசு. சூதாட்டத்திற் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு உவமை கூறினார் வள்ளுவர். வாரக் கூலியை அக்குளக்கரையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிற தோழர்களை நாம் கண்டிருக்கிறோம். அங்கே முள் இருபுறமும் வேலை செய்கிறது.

முடிவாக நமது அபிப்பிராயம் இதுதான். பசிக்காகப் பிடிப்பவன் வெட்கப்பட வேண்டியதில்லை. அளவறிந்து பிடித்தால் போதும். இன்பத்துக்காகப் பிடிப்பவன் தன்னைத் தயாளன் என்று அழைத்துக்கொள்ளவேண்டாம். தான் செய்வதில் ஒரு தீங்கு உண்டென்பதை ஒப்புக்கொண்டு, அதைக் குறைப்பதற்கு ஆவன செய்யட்டும். விடுவது தர்மமன்று, பிடித்ததற்குரிய கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பது, அவ்வளவே. மீன் குழம்பு உண்டுகொண்டே இதனை எழுதும் நாமும் குற்றமற்றவரல்லோம்.

பெரியவர் இன்றும் குட்டைக்குப் போகிறார். வெயில் ஏறிய நாட்களில் தூண்டிலை உறையிலிருந்து எடுப்பதில்லை. குமிழிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். தராசை நாம் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். அந்த நோட்டுப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தில், நமது கையெழுத்தில், இரண்டு வரிகள் இருக்கின்றன. முதல் வரியைக் காட்டிலும் இரண்டாம் வரியே நாம் இதுகாறும் எழுதிய கணக்குகளில் உண்மையானது.