பிள்ளை மாதிரி

டென்மார்க்கில் மலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. சில்கபோர் நகருக்குப் பக்கத்தில் ஹிம்மல்பியா என்று ஒன்றைக் காட்டுவார்கள். வானமலை என்று அர்த்தம். உயரம் 147 மீற்றர். அதையே மலையென்று நம்பி வளர்ந்த என் மகளை 2023 யூலையில் நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனேன். போய்ச் சேர்ந்ததும் கைபேசியில் உயரத்தைத் தேடி, "பன்னிரண்டு ஹிம்மல்பியாவுக்கும் மேலே, அப்பா" என்றாள். குளிர் மட்டும் அவளுக்குப் புதிதில்லை. கொழும்பிலிருந்து வந்தவர்கள் கம்பளித் தொப்பியோடு நடுங்க, அவள் ரீசேட்டோடு திரிந்தாள்.

எல்லாரும் பார்ப்பதையே நாங்களும் பார்த்தோம். செங்கல் தபால் நிலையம், கிரகரி வாவி, ஹக்கல பூங்கா, இறம்பொடை நீர்வீழ்ச்சி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஒவ்வோர் இடத்திலும் நான் வழிகாட்டி வேலை பார்த்தேன். கொழும்பு வெயில் தாங்காத துரைமார் இளைப்பாறக் கட்டிய ஊர் இது; 1820களில் ஆளுநர் பார்ன்ஸ் இங்கே தனக்கொரு மாளிகை கட்டினார்; 1848இல் சாமுவேல் பேக்கர் என்பவர் மாடு, கொல்லன், வேட்டை நாய் சகிதம் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே கப்பலில் கொண்டுவந்து இறக்கப் பார்த்தார்; ஹக்கல பூங்கா 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கியது; வாவி 1870களில் ஆளுநர் கிரகரி கட்டுவித்தது. கோப்பி நோயில் அழியத் தேயிலை வந்த கதையையும் சொன்னேன். தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டுவழியே நடந்ததை, வழியிலேயே கொலராவில் விழுந்ததை, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில் தலைமுறைகள் வாழ்ந்ததைச் சொன்னேன். கோபப்பட வேண்டிய இடங்களில் மகள் கோபப்பட்டாள். எனக்கு நல்லாசிரியன் என்ற திருப்தி.

அந்தத் திருப்தியிலேயே ஏதோ பிழை இருந்தது என்று இப்போது தெரிகிறது. பார்ன்ஸும் பேக்கரும் என் சொந்தக்காரர் அல்ல. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு ஒரு சதமும் செலவில்லை.

எங்களுக்கு வான் ஓட்டியவர் தலவாக்கலைக்காரர். முப்பது வயதிருக்கும். மூன்றாம் நாள் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, "சேருக்குச் சொந்த ஊரு யாழ்ப்பாணமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "எங்க பெரியம்மாகூட சின்ன வயசுல யாழ்ப்பாணத்துல ஒரு வீட்டுல இருந்தாங்க சேர்."

'இருந்தாங்க' என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. விளங்கியும், "நல்லா வச்சிருந்தவையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, "திரும்பி வந்துட்டாங்க சேர்" என்றார்.

வானில் ஏறியதும் மகள் டேனிஷில் கேட்டாள்: எந்த வீட்டில்? எதற்கு?

எங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். 1985 அல்லது 86. எனக்கு ஏழெட்டு வயது, அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. படிக்க வைப்போம் என்று சொல்லித்தான் ஒரு தரகர் மூலம் அழைத்துவந்தார்களாம். படிக்க வைக்கவில்லை. காலையில் என் புத்தகப்பையைப் பள்ளிக்கூட வாசல்வரை தூக்கிவருவாள். வாசலோடு திரும்பிப் போவாள். பின்னேரம் நான் படிப்பதற்கு அரிக்கன் லாம்பை ஏற்றி வைத்துவிட்டுக் குசினிக்குப் போவாள். படுப்பதும் குசினியில்தான். அவளுடைய பெயர் என் மாமி ஒருவருக்கும் இருந்ததால், வீட்டில் அதை மாற்றி வேறு பெயர் வைத்தோம். யாரும் அவளை அடித்ததாக எனக்கு நினைவில்லை. இதை எழுதும்போதே, கை அந்த வரியைத் தேடிப் போவதைக் கவனிக்கிறேன்.

யாழ்ப்பாணத்து நடுத்தர வீடுகளில் இது அதிசயமில்லை. இதையே அரசியலிலும் செய்தோம். 1947 தேர்தலில் நுவரெலியாத் தொகுதியில் வென்றவர் இலங்கை இந்தியன் காங்கிரசின் சௌமியமூர்த்தி தொண்டமான். அடுத்த வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1948இன் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பின் அதன் தொடர்ச்சியான இந்திய பாகிஸ்தானியர் சட்டத்துக்கு ஆதரவு கொடுத்தார். செல்வநாயகம் பிரிந்துபோய் 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அதை நாங்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் தமிழரசுக் கட்சிக்கு வாக்குப்போட்ட வீடுகளின் குசினிகளிலும் மலையகப் பிள்ளைகள் இருந்தார்கள். 1964இல் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது, அந்த எண்களுக்குள் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நாங்கள் டென்மார்க்குக்கு வந்தது 1990இல். சில வருடங்களுக்கு முன் எங்கள் அகதிக் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். இந்த நாட்டில் அந்த உரிமை உண்டு. அதில் அப்பாவிடம் ஒரு கேள்வி: வீட்டில் உங்களோடு வாழ்ந்தவர்கள் யார்? மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என்று சொல்லியிருக்கிறார். 1987 ஒக்ரோபரில் ஷெல் விழ விழ நல்லூர்க் கோவிலுக்கு ஓடியது வரிவரியாக இருக்கிறது. ஆச்சியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தவள் அதில் இல்லை. அப்பா பொய் சொல்லவில்லை. அவர் எண்ணிய எண்ணிக்கையில் அவள் வரவில்லை, அவ்வளவுதான்.

எண்ணாமல் விடுவது எங்களூர்க் கண்டுபிடிப்பும் அல்ல. ஹிம்மல்பியா உச்சியில் 1875இல் கட்டிய ஒரு கோபுரம் நிற்கிறது, 1849இல் அரசியலமைப்பைத் தந்த மன்னன் ஏழாம் ஃபிரெடெரிக்கின் நினைவாக. அந்த அரசியலமைப்பில் பெண்களுக்கு வாக்கில்லை. சொந்தக் குடித்தனம் இல்லாமல் பிறர் வீட்டில் வேலைக்கு இருந்தவர்களுக்கும் இல்லை. 1915இல்தான் அது மாறியது. மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கோபுரத்தில் எத்தனை தரம் ஏறியிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1951இல் டென்மார்க் 22 கிறீன்லாந்துப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்து, டேனியர்களாக வளர்த்தெடுப்பதென்று இங்கே கொண்டுவந்தது. நல்ல வாழ்க்கை, நல்ல படிப்பு என்றுதான் பெற்றோருக்குச் சொன்னார்கள். 2020 டிசெம்பரில் பிரதமர் மெத்த ஃபிரெடெரிக்சன் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். 2022 மார்ச்சில், உயிரோடிருந்த ஆறு பேரிடமும் நேரில் கேட்டார். அந்தச் செய்தியை அம்மாவும் நானும் ஒன்றாக இருந்துதான் பார்த்தோம். "பாவம் பிள்ளையள்" என்று அம்மா கண்ணைத் துடைத்தார். எனக்கும் தொண்டை அடைத்தது. இரண்டு பேருக்கும் வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

நாங்களும் அடிபட்டு ஓடிவந்தவர்கள்தானே என்று ஒரு பதில் எப்போதும் கைவசம் இருக்கிறது. அது உண்மை. ஆனால் எங்களை அடித்தவனுக்கும் எங்களுக்கும் இடையிலான கணக்கு அது. அவளுடைய கணக்கில் அதை வரவு வைக்க முடியாது. 1946இல் ஜேர்மனியரின் குற்றத்தைப் பற்றி எழுதிய கார்ல் யாஸ்பர்ஸ், குற்றத்தைச் சட்டம், அரசியல், ஒழுக்கம், அதற்கும் அப்பால் ஒன்று என நான்காகப் பிரித்தார். ஏழு வயதுப் பையனை இவற்றில் எதில் போடுவது என்று நானும் பார்த்தேன். எதிலும் சரியாகப் பொருந்தவில்லை. என்னுடையது குற்றம் அல்ல, கடன் என்றே படுகிறது. அவள் தூக்கிய பைக்குள் இருந்த கொப்பிகளின் தொடர்ச்சிதான் நான் இங்கே எடுத்த முதுகலைப் பட்டமும் பார்க்கிற கணினி வேலையும். அப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்ப்பது ஊர் வழக்கு. அதற்கு யாஸ்பர்ஸ் தேவையில்லை.

எப்படித் தீர்ப்பது என்பதில்தான் தடுமாறுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கணினி வாங்கிக் கொடு என்றார் ஒரு நண்பர். கொடுக்கலாம், நல்ல காரியம். ஆனால் அது தானம். கடனைத் தீர்ப்பதென்றால் கடன் தந்தவரைத் தெரியவேண்டும். சரி, தேடிப் போய், ஐம்பது வயதைத் தொட்ட ஒரு பெண்ணின் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்தவனுக்கு அவள் தேத்தண்ணீர் போடவேண்டியிருக்கும். மறுபடியும். என் மனம் ஆறுவதற்காக அவள் ஒரு பின்னேரத்தை எனக்குத் தரவேண்டும். தேடாமல் விட்டாலோ, அப்பாவின் எண்ணிக்கையே என்னுடையதும்.

திரும்பி வந்த கிழமை ஹெர்னிங்கில் அம்மாவிடம் போய்க் கதைத்தேன். எடுத்த எடுப்பில், "அவளை நாங்கள் பிள்ளை மாதிரித்தானே வச்சிருந்தனாங்கள்" என்றார். அம்மா அதை நம்புகிறார். அந்த 'மாதிரி'தான் என்னை உறுத்துகிறது. பிள்ளைக்குப் பாய் அறையில். பிள்ளை மாதிரிக்குக் குசினியில். பிள்ளைக்குப் பெயர் சாதகத்தோடு வந்தது. பிள்ளை மாதிரியின் பெயரை வசதிக்கு மாற்றலாம். 1988இல் கொழும்புக்குப் போன யாரோ ஒருவரோடு அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். போய்ச் சேர்ந்தாளா என்று கேட்டுக் கடிதம் போட்டதாக அம்மாவுக்கு நினைவில்லை.

பக்கத்தில் இருந்த மகள் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "அப்பம்மா, அவவின்ர உண்மையான பெயர் என்ன?"

அம்மா எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, பெயரைச் சொன்னார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார். முப்பத்தைந்து வருடமாக இரண்டும் அவரிடம்தான் இருந்திருக்கின்றன. "எழுதி வை," என்றார் என்னிடம், "நான் மறந்துபோவன்."

எழுதி வைத்திருக்கிறேன். வான் ஓட்டியவரின் இலக்கமும் கைபேசியில் இருக்கிறது. அந்த ஓகஸ்டில், மலையக மக்கள் வந்து இருநூறு வருடமானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்களின் படங்களை அனுப்பியிருந்தார். நல்ல படங்கள் என்று பதில் போட்டேன். அந்தப் பெயரைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.