டென்ஷனைக் குறையுங்கள்

மாதவிடாய் நிற்கும் வயதில் நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குப்பென்று ஏறும் சூடு எவ்வளவு காலம் நீடிக்கும்? ஓரிரு வருடம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே வெகுகாலம் பெண்களுக்குக் கிடைத்த பதில். 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஏழு ஊர்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடரத் தொடங்கிய ‘ஸ்வான்’ ஆய்வு, 2015இல் வேறு கணக்குச் சொன்னது. அடிக்கடி இச்சூட்டுக்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளைத் தாண்டியது. கறுப்பினப் பெண்களுக்கு அந்த நடுமதிப்பு 10.1 ஆண்டு, ஜப்பானிய வம்சாவளியினருக்கு 4.8.

பிறப்பு மட்டும் காரணமென்று ஒதுக்கிவிட முடியாது. படிப்புக் குறைந்தவர்களுக்கும், தொடக்கத்திலேயே மன அழுத்தமும் பதற்றமும் அதிகம் என்று சொன்னவர்களுக்கும்கூடச் சூடு நீண்டது. பதினாறில் நின்றுபோன படிப்புக்கு ஐம்பதில் வட்டி. ஆய்வு காட்டுவது தொடர்பைத்தான், காரணத்தையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பது வயதின் வேலை. அந்தக் குறைவைச் சூடாக மாற்றுவது மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ். உடல் வெப்பத்தில் அது பொறுத்துக்கொள்ளும் ஏற்ற இறக்கத்தின் எல்லை குறுகிப்போகிறது; சிறு ஏற்றத்துக்கே ரத்தநாளங்கள் விரிந்து வியர்வை கொட்டுகிறது. பதற்றத்தில் பெருகும் நார்அட்ரினலினும் அந்த எல்லையை நெருக்குவதாகக் கருதுகிறார்கள். இரவில் வியர்த்தால் தூக்கம் போகிறது. மறுநாள் அவள் எரிந்து விழுகிறாள். உடனே ‘ஹார்மோன்’ என்று வீடு கண்டுபிடித்துவிடுகிறது. மாமியாரின் மருந்துச் செலவும் மகனின் கல்லூரிக் கட்டணமும் எந்தச் சுரப்பியிலும் சுரப்பதில்லை என்பதால் அந்தக் கண்டுபிடிப்பில் அவை இடம்பெறுவதில்லை.

மருத்துவமனையிலோ ஆலோசனை தயாராக இருக்கிறது: டென்ஷனைக் குறையுங்கள், மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். 2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஹார்மோன் சாராத வழிகளைத் தரம் பிரித்தபோது, இந்தச் சூட்டுக்கு மூச்சுப் பயிற்சியையோ யோகாவையோ தளர்வுப் பயிற்சியையோ பரிந்துரைக்கவில்லை. எண்ணப்போக்கை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதுவும் சூடு வரும் தடவைகளைவிட அது தரும் தொல்லையைத்தான் அதிகம் குறைக்கிறது. யோகா வேறு பலவற்றுக்கு நல்லது. ஆனால் விடிகாலை ஐந்து மணிக்குச் செய்யுங்கள் என்று யாரிடம் சொல்கிறோமோ, அவள் அந்நேரம் அடுப்படியில் நிற்கிறாள். அவள் பாயை விரித்தால் அடுப்பை யார் பார்ப்பது என்று சீட்டு எழுதுகிறவரும் கேட்பதில்லை, கூட வந்த கணவரும் கேட்பதில்லை.