விலையில்லா நீரும் களவும்

விலை கொடாது பெறும் நீரை வீணாக்குதல் குற்றமாமோ எனச் சிலர் வினவுவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி ஈறாகப் பெய்யும் மழைநீர் சுண்ணக்கற் பாறையினுள் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதந்து நிற்கின்றது. அதுவே நம் கிணற்று நீர். அளவின்றி இறைப்பின் கீழுள்ள உவர் மேலேறும். உவரான கிணறு எளிதில் நன்னீர்க் கிணறாகாது. ஒருவன் வளவில் நிகழும் வீண்செலவு அயலான் கிணற்றையும் கெடுக்கும். ஆதலின் விலையின்மை உரிமையாகாது. பிறர் பங்கை அழித்தல் களவேயாம்.

ஆசிரியர்காள்! பாடசாலைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்க, நீரின் அருமையைக் கரும்பலகையில் எழுதுவதாற் பயன் என்னை? மாணாக்கர் நம் சொல்லினும் செயலையே நோக்குவர். கைகழுவிய நீரை வாழையடிக்கு விடுவிப்போம். ஒழுகுங் குழாயை முதலில் நாமே சென்று பூட்டுவோம். கள்ளாமையை வாயாற் கற்பிக்கும் நாம், அதனைக் கையாற் கற்பிக்கும் இடம் அதுவேயாம்.